மனாவ் பலகையில் விட்ட வழி

பலகைகள் வந்து இறங்கிய அன்று காலையிலிருந்தே ரங்கூனில் எங்கள் தெருவில் மீ இல்லை. மீ என்றால் இங்கே கரண்ட். தமிழ் பேசும்போதும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மீ இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் மேலே ஏறாது. தெருமுனைக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தூக்கி வந்து வைத்துவிட்டு, வலது தோளை இடது கையால் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தேன். க்யிம்யிண்டைங் ஆற்றோரத்து மரக்கடைக்காரன் தள்ளுவண்டியோடு வந்து நின்றான். எட்டிப் பார்த்த என் மனைவி, "சவப்பெட்டி செய்யப் போறீங்களா, இவ்வளவு நீளத்துக்கு?" என்று கேட்டாள்.

நான் பெயின்டர். கடைப் பலகை, இரும்பு ஷட்டர், கேட், கோயில் வாகனம், எது கொடுத்தாலும் அடிப்பேன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிந்தது. பர்மிய எழுத்தை வேகமாகப் படிக்க இன்றைக்கும் வராது, ஆனால் எழுதிக் கொடுத்தால் அச்சு மாறாமல் வரைந்துவிடுவேன். வேலை கொடுப்பவர்களிடம் அதிகம் பேச மாட்டேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. அவர்கள் சொல்வதற்குத் தலையாட்டுவேன், செய்து கொடுப்பேன், வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் மனைவி பேசிக்கொள்வாள். விடியற்காலையில் பயாஜோ என்கிற பருப்பு வடை சுட்டுத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவள் அவள். பேசாமல் அந்த வேலை நடக்காது. ஒரே மகன் மலேசியாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். அதிலும் அவள்தான் பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்தப் பலகை வேலை லான்மடாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு கச்சின் இனத்துப் பெண்மணி கொடுத்தது. என்னைவிடச் சில வயது மூத்தவர். அமா என்றுதான் கூப்பிடுவேன், பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். அவர் கடை ஷட்டருக்கு நான்தான் பெயின்ட் அடித்திருந்தேன். ஒருநாள் அந்தப் பக்கமாக நடந்து போனபோது கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார்.

"சயா, மரத்துல வரைவீங்களா?" என்று கேட்டார். கைவேலை செய்கிறவர்களை இங்கே சயா என்பார்கள். வாத்தியாருக்கும் அதே சொல்தான். என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

"கோயில் தேருக்குப் பலகை அடிச்சிருக்கேன்," என்றேன்.

"இதுவும் அது மாதிரிதான். சாமி மட்டும் இல்லை."

அவர் சொல்லித்தான் மனாவ் என்னவென்று சரியாகத் தெரிந்துகொண்டேன். அது வடக்கே மலையிலிருந்து வந்த அவர்களுடைய திருவிழா. இப்போது அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனால் மனாவை விடவில்லை. மைதானத்தின் நடுவில் உயரமான பலகைகளை வரிசையாக நட்டுவைப்பார்கள். நடுப்பலகைகள் உயரம், ஓரத்தில் இருப்பவை குட்டை. உச்சியில் சூரியனும் சந்திரனும், நடுவில் குறுக்காக இரண்டு வாள். பலகை முழுக்க ஒரு கோடு காட்டுச்செடியின் கொழுந்து போல சுருண்டு சுருண்டு ஏறும், இறங்கும், அடுத்த பலகைக்குத் தாவும். முதலில் நான் அதை அழகுக்கு என்று நினைத்தேன். அழகுக்கு இல்லையாம். தலையில் பறவை அலகு வைத்த குல்லாவும் கையில் வாளுமாக முன்னால் ஆடிப் போகிறவர் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நடப்பாராம். பலகையில் கோடு எப்படி வளைகிறதோ அப்படியே தரையில் அவர் வளைவார். அவருக்குப் பின்னால் ஊரே வரிசையாக வரும்.

"செத்தா ஒரு மனாவ், ஜெயிச்சா ஒண்ணு, வீட்டுல செல்வம் சேர்ந்தா ஒண்ணு," என்றார். "இது பிரியறதுக்கு. கூடப் பிறந்தவங்க ஆளுக்கொரு ஊருக்குப் போறதா இருந்தா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேர்ந்து ஆடிட்டுப் போகணும். பெரிசா செய்ய எங்ககிட்ட மைதானமும் இல்லை, எருமையும் இல்லை. மிங்கலாடோன்ல வீட்டு முற்றம் இருக்கு. அதுல நிக்கிற அளவுக்குச் செஞ்சு குடுங்க."

அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயரும் சொன்னார். என் வாயில் அது நிற்கவில்லை.

அவருக்கு இரண்டு தம்பிகள். பெரிய தம்பி வடக்கே மியிச்சினாவில் சர்ச் வேலையோடு இருக்கிறார். சின்னத் தம்பி இவரோடு இருந்தவன். அப்பா அம்மா போனபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லையாம். அவனை வளர்க்கவே ரங்கூனுக்கு வந்து கடை வைத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது அவன் ஜப்பானுக்குப் போகிறான், முதியோர் இல்லத்தில் வேலை.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்னுதான் சொன்னேன். பெரியவன் கேக்கல. முறைப்படிதான் அனுப்பணுமாம்," என்று சொல்லி, ஒரு துணியை எடுத்து மடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தார்.

போனில் ஒரு படம் காட்டினார். அவர்கள் ஊரில் நின்ற பழைய பலகைகளின் படம். அதன் மேல் பெரிய தம்பி விரலால் சிவப்புக் கோடு இழுத்து அனுப்பியிருந்தார். இடது ஓரப் பலகையின் அடியில் தொடங்கி எல்லாப் பலகையையும் சுற்றிவிட்டு, வலது ஓரப் பலகையின் அடியில் போய் விளிம்பில் நின்றது கோடு. முடிந்த மாதிரியும் இல்லை, முடியாத மாதிரியும் இல்லை. ஏன் அப்படி என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பேச வேண்டி வரும்.

"படத்துல இருக்கிற மாதிரியே," என்றார். தலையாட்டினேன்.

வேலை நினைத்ததைவிட நீண்டது. பலகையைத் தேய்த்து, பிசின் ஒழுகிய இடத்தைச் சுரண்டி, வெள்ளை அடித்துக் காயவைத்து, மறுபடி தேய்த்து மறுபடி அடித்தேன். காலையில் தண்ணீர் தூக்கினால் மத்தியானம் பிரஷ் தூக்க முடியவில்லை. தோள் அந்த உயரத்துக்குப் போனதும் உள்ளே ஏதோ பிடித்துக்கொள்ளும். பலகைகளைத் தெருவோரம் படுக்கவைத்துக் குந்தி உட்கார்ந்து வரைந்தால் முதுகு பிடித்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். யாருக்கும் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை.

மனைவி வடை வேலை முடிந்து வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்னங்க இது, புள்ளி வைக்காத சிக்குக் கோலமா?"

"கச்சின்காரங்களோடது."

"கோலம் மாதிரிதான் இருக்கு. பிரஷ்ஷைக் குடுங்க. உங்க கை ஆடுது பாருங்க, கோடு கிழவி நடக்கிற மாதிரிப் போகுது."

கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் பென்சிலில் கோடு போட, அவள் கறுப்பை ஓட்டினாள். மாடிப்படியில் தினமும் கோலம் போடுகிற கை, தூக்காமல் இழுத்துக்கொண்டு போகும். நான் செய்வதைவிட நன்றாகவே வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசிப் பலகை பாதியில் இருக்கும்போது கறுப்பு தீர்ந்துவிட்டது. டப்பாவின் அடியில் இருந்ததை அவள் வழித்துக்கொண்டிருக்க, நான் லான்மடாவுக்கு வாங்கப் போனேன். பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸில் இடம் இல்லை. திரும்பி வந்தபோது மீ வந்திருந்தது. அது மறுபடி போவதற்குள் தொட்டி நிரம்பட்டும் என்று நேராக மோட்டாரைப் போடப் போய்விட்டேன்.

"அடியில இருந்ததே போதுமா இருந்துச்சு. முடிச்சிட்டேன்," என்றாள் மனைவி. தூசி படியாமலிருக்கப் பலகைகளை முகம் சுவர்ப்பக்கமாகத் திருப்பிச் சாய்த்துவைத்திருந்தாள். திருப்பிப் பார்த்திருக்கலாம். அவள் கை சுத்தம், பார்க்க என்ன இருக்கிறது என்று படுத்துவிட்டேன்.

சர்ச் முடிந்த ஒரு மதியம் துணிக்கடை அமா பார்க்க வந்தார். மனைவியும் நானும் பலகைகளை வரிசைப்படி தெருவில் படுக்கவைத்தோம். அவர் முதல் பலகையின் அடியிலிருந்து காற்றில் விரலால் கோட்டைத் தொடர்ந்துகொண்டே நடந்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றதால் எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அவர் விரலை மட்டும்தான் பார்த்தேன். கடைசிப் பலகையில் அது கீழே இறங்கியது, நின்றது, திரும்பி மேலே போனது. மறுபடி இறங்கி, மறுபடி அதே இடத்தில் நின்றது. எங்கோ பெயின்ட் வழிந்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அழகா இருக்கு," என்றார். "மூடிக் கட்டிடுங்க சயா. அங்க வந்து நடற வரைக்கும் யாரும் பாக்க வேண்டாம்."

தார்ப்பாய் விரிக்க அவரே ஒரு முனையைப் பிடித்தார்.

டைனா என்று நாங்கள் சொல்லும் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு மிங்கலாடோனுக்குப் போனோம். வழியில் காவல் சாவடியில் நிறுத்தி என்ன பலகை என்று விசாரித்தார்கள். "கல்யாண வீட்டு அலங்காரம்," என்று மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். தலையை ஆட்டி விட்டுவிட்டார்கள். "பொய் இல்லையே. யாரோ ஒருத்தர் வீட்டை விட்டுப் போற சடங்குதானே," என்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

மர வீடு. முற்றத்தில் ஒரு பலாமரம். விமான நிலையம் பக்கம் என்பதால் அவ்வப்போது தலைக்கு மேல் விமானம் போகும். அப்போது பேச்சை நிறுத்திக் காத்திருந்து, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். சின்னத் தம்பி சட்டையில்லாமல் குழி தோண்டிக்கொண்டிருந்தான். முடிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்திருந்தான்.

"நாளைக்குப் போய்க் கிழவங்களைக் குளிப்பாட்டணும், இன்னிக்குக் குழி வெட்டறேன்," என்றான் என்னிடம். "வேலையைத் தலைகீழாச் செய்யறேன் பாருங்க, சயா."

"வாயைக் கழுவு," என்றார் பெரிய தம்பி. அவர் அப்போதுதான் ஓர் அரிசிச் சாக்கிலிருந்து குல்லாவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவாச்சிப் பறவையின் அலகு போல மரத்தில் செதுக்கி, இறகு செருகியிருந்தது.

"அதை மாட்டிக்கிட்டா உனக்கு டிக்கெட்டே வேண்டாம்ணே. என் பின்னாடியே பறந்து வந்துடலாம்."

எங்களுக்குப் புரியட்டும் என்று அவர்கள் பர்மியத்தில்தான் பேசிக்கொண்டார்கள். அமா வாசற்படியில் இலைப்பொட்டலங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஞீமா, உங்க ரெண்டு பேருக்கும் கோழி தனியாக் கட்டியிருக்கேன்," என்றார் என் மனைவியிடம். தங்கை என்று கூப்பிட்டதில் மனைவிக்குச் சந்தோஷம்.

பலகைகளை நட்டு மண் இறுக்கினோம். தோள் போய்விட்டது என்றே நினைத்தேன். எல்லாம் நின்றபின் பார்த்தபோது வலி கொஞ்சம் மறந்தது. தெருவில் படுக்கவைத்துப் பார்த்ததுபோல இல்லை. கோடு உயிரோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய தம்பி குல்லாவை மாட்டிக்கொண்டு பலகைகளுக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணால் கோட்டைப் பிடித்துக்கொண்டு கால் அழுத்தி மெதுவாக ஆடிப் பார்த்தார். முற்றத்தை வளைந்து வளைந்து கடந்தார். கடைசிப் பலகைக்கு வந்ததும் நின்றுவிட்டார். பின்னால் வந்து மறுபடி பார்த்தார். குல்லாவைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"இதை யார் வரைஞ்சது?"

அப்போதுதான் நான் பார்த்தேன். விளிம்பில் திறந்து நிற்க வேண்டிய கோடு, அழகாக வளைந்து மேலே போகும் கோட்டோடு சேர்ந்திருந்தது. அந்த வளைவு என் கை இல்லை. நான் திருப்பினால் மூலை கொஞ்சம் கூராக வரும். அது உருண்டு வந்திருந்தது, எங்கள் மாடிப்படியில் தினமும் பார்க்கிற மாதிரி.

"நான்தான்," என்றாள் மனைவி. "இவர் போட்ட பென்சில் கோடு பாதியில நின்னுச்சு, கறுப்பு வாங்கப் போற அவசரத்துல விட்டுட்டார்னு நினைச்சேன். நான் சேத்து முடிச்சேன்."

"பாதி இல்லைங்க. அதுதான் வாசல்." பெரிய தம்பி கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். மியிச்சினாவிலிருந்து வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. "உள்ள போனவங்க அது வழியாத்தான் வெளியே வரணும். இப்படி மூடிட்டா முன்னாடி போறவன் வந்த பாதைக்கே திரும்புவான். பின்னாடி வர்றவங்க அவன் மேல முட்டுவாங்க. பொழுது சாயற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"நல்லதுதானே. ஃபிளைட் நாளைக்குத்தான்," என்றான் சின்னவன்.

"எங்க பக்கம் கோட்டைச் சேக்காம விட மாட்டோம்," என்றாள் மனைவி. அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. "திறந்து கிடந்தா அது வழியாக் கண்டதும் வீட்டுக்குள்ள வரும். இதை வேற மாதிரி போடணும்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்?"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "படம் அனுப்பினேனே சயா. பாத்தீங்கல்ல?"

வாசற்படியைப் பார்த்தேன். அமா இலைப்பொட்டலத்தின் நாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. தெருவில் படுத்திருந்த பலகையின் மேல் அவர் விரல் நின்ற இடம் எனக்கு நினைவு வந்தது. அன்று அவர் பார்த்தது பெயின்ட் வழிந்ததை இல்லை.

"வேலை தெரிஞ்ச நம்ம ஆள்கிட்டக் குடுத்திருக்கணும்," என்றார் பெரியவர், யாரையும் பார்க்காமல். "சர்ச்சிலேர்ந்து எல்லாரும் கிளம்பியிருப்பாங்க. இனிமே என்ன செய்ய?"

மனைவி தமிழில், "வாங்க போகலாம்," என்றாள். "தோள் செத்துப் போய்ச் செஞ்சதுக்கு நல்ல மரியாதை."

நான் நகரவில்லை. போகிற தைரியமும் இல்லை, இருக்கிற தைரியமும் இல்லை.

"அவங்களை ஒண்ணும் சொல்லாதே," என்றார் அமா. தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் பாத்தேன். அவங்க வீட்டுலயே பாத்தேன். இருக்கட்டும்னு விட்டேன்."

பெரியவர் அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். அமா நாரை இன்னும் இறுக்கிக் கட்டினார். ஒரு விமானம் போனது. எல்லாரும் அது போகும்வரை நின்றோம்.

சின்னவன் மண்வெட்டியைப் பலாமரத்தில் சாய்த்துவிட்டு அக்காவுக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"நீ சொல்லு, அக்கா. இப்படியே இருக்கட்டும்னா நான் போகல. பாஸ்போர்ட்டை அடுப்புல போட்டுடறேன். சிரிக்கறதுக்குச் சொல்லல."

"போகாம இங்க என்ன பண்ணுவே?"

"உன் கடையில துணி மடிப்பேன்."

"நீ மடிச்சா எவன் வாங்குவான்?"

"அப்ப வேற என்ன செய்யலாம்னு நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி."

அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. அவர் இரண்டு சொல் சொன்னால் அவன் இருந்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. பெரியவருக்கும் தெரிந்திருக்கும். அவர் குல்லாவின் இறகைச் சரிசெய்துகொண்டு நின்றார். அமா தம்பியின் தலையில் கைவைத்து, சாயம் போட்ட முடியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். இருந்தால் இந்த ஊரில் அவன் வயதுப் பையனுக்கு வேலையும் இல்லை, பயமில்லாத நாளும் இல்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பிறகு இடுப்பில் கட்டியிருந்த லொஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சயா, வெள்ளை இருக்கா?"

இல்லை. கறுப்பும் சிவப்பும் மட்டும் கொண்டுவந்திருந்தேன். வெள்ளை டப்பா வீட்டில் இருந்தது. கையை விரித்தேன்.

மனைவிதான் யோசித்தாள். தெருமுனையில் ஒரு வெற்றிலைக் கடை இருந்ததைப் பார்த்திருந்தாள். வெளியே போனவள், பிளாஸ்டிக் மூடி ஒன்றில் குழைத்த சுண்ணாம்போடு வந்தாள். "அவன் காசு வாங்கல. எதுக்குன்னு கேட்டான். வாசல் வைக்கறதுக்குன்னேன்."

பிளேடால் நான் அந்த வளைவைச் சுரண்டினேன். மனைவி நன்றாக அழுத்தித்தான் பூசியிருந்தாள், மரம் தெரிகிறவரை சுரண்ட வேண்டியிருந்தது. உப்புக் காகிதத்தால் தேய்த்தேன். சுண்ணாம்பைத் தொட்டுப் பிரஷ்ஷை வைக்கப் போனபோது அமா கையை நீட்டினார். கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அந்த இடம் முழங்கால் உயரத்தில் இருந்தது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிரஷ் பிடிக்கத் தெரியவில்லை, துடைப்பத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். மனைவியும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"விரல்ல படாமப் பாத்துக்குங்க, பொள்ளிடும்," என்றாள். சற்று நேரம் கழித்து, "எங்க பையன் மலேசியா போன அன்னிக்கு நான் வீட்டைப் பெருக்கல. ஆள் போன கையோட பெருக்கக் கூடாதும்பாங்க எங்கள்ல. போய்ச் சேந்துட்டேன்னு போன் வந்தப்புறம் பெருக்கலாம்."

"எப்ப போன் வந்துச்சு?"

"அடுத்த நாளே வந்துச்சு." மனைவி மூடியைச் சாய்த்துப் பிடித்தாள். "நான் விளக்குமாத்தைத் தொட்டதுதான் ரொம்ப நாள் கழிச்சு. இவர்தான் பெருக்கினார். ஒழுங்காவே பெருக்கல."

அமா சிரித்தார். சிரித்தபடியே மூக்கைப் புறங்கையால் துடைத்ததில் அங்கே சுண்ணாம்பு பட்டுவிட்டது. மனைவி தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கோடு திறந்துவிட்டது. வெள்ளை சரியாகச் சேரவில்லை, கொஞ்சம் மஞ்சளாகத் தனியே தெரிந்தது. பெரியவர் வந்து பார்த்தார். "போதும்," என்றார். பிறகு என் பக்கம் வந்து, நான் பார்க்காமல் நின்றபோதே, "தப்பா நினைக்காதீங்க சயா," என்றார்.

மதியம் வாக்கில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பெரிய கூட்டமில்லை. முற்றம் கொள்ளுகிற அளவு. யாரோ ஒரு நீள மேளமும் வெண்கலத் தாம்பாளமும் கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவில்லாமல் மெதுவாக அடித்தார்கள். பெரியவர் குல்லாவோடு முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அமா, அவருக்குப் பின்னால் சின்னவன், பிறகு மற்றவர்கள். வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் சேர வேண்டுமாம், விருந்தாளிகளும்தான். நான் பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மனைவி வந்து இழுத்தாள்.

"கோயில்லதான் ஆடல. இங்க உங்களை யாருக்குத் தெரியும்?"

வரிசையின் வாலில் நாங்கள் நின்றோம். ஆட்டம் கஷ்டமில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மெதுவாக நகர்வதுதான். களைத்துப்போனவன்கூட ஆடலாம். வரிசை வளைந்து திரும்பித் திரும்பி வந்ததால், முன்னால் போனவர்கள் எங்களுக்கு எதிரே வந்து கடந்து போனார்கள். இப்படிப் பலமுறை. ஒவ்வொரு முறையும் எல்லார் முகத்தையும் பார்த்தேன், அவர்களும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை முகங்களை நேராக நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கூச்சம்கூடச் சலித்துப்போனது.

அமா கையில் ஒரு கைக்குட்டை. முதலில் எதிரே வந்தபோது பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை தரையைப் பார்த்தார். கடைசியாக எங்களைக் கடந்தபோது, பின்னாலிருந்த சின்னவன் அவருடைய சட்டை முனையை இரண்டு விரலால் பிடித்திருந்தான். சின்ன வயதில் சந்தையில் அப்படித்தான் நடந்திருப்பான். பிறகு பெரியவர் வலது ஓரத்துக்குத் திரும்பி, வெளி கேட்டைப் பார்த்து நடந்தார். வரிசை அவிழ்ந்து அவர் பின்னால் போயிற்று. கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நின்றார்கள். கடைசியில் நானும் மனைவியும் வெளியே வந்தோம். எல்லாரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். சின்னவன் அக்காவின் சட்டையை விட்டிருந்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவிக்கு இடம் கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்து நின்றேன், இடது கையால். கோழி கட்டிய இலைப்பொட்டலம் அவள் மடியில் இருந்தது. அவள் நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பாத்துட்டுத்தான் நல்லா இருக்குன்னாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நீங்க அப்பவே கவனிச்சீங்களா?"

"விரல் நின்னுச்சு. ஏன்னு தெரியல."

"கேட்டிருக்கலாம்ல."

கேட்டிருக்கலாம். பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. அவள் மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். மறுநாள் காலையில் மாடிப்படியில் கோலம் இருந்தது. எப்போதும் போலத்தான், எந்த முனையும் விடாமல்.

மழைக்காலம் முடிந்ததும் அமா மிங்கலாடோன் வீட்டுக்குக் கூப்பிட்டார். கேட் துருப்பிடித்துவிட்டது, பெயின்ட் அடிக்க வேண்டும் என்றார். போனேன். பலகைகள் முற்றத்தில் அப்படியே நின்றன. எடுக்கச் சொல்லவில்லை அவர். மழையில் சிவப்பு மங்கியிருந்தது, கறுப்பு தாக்குப்பிடித்திருந்தது. சுண்ணாம்பு கரைந்து ஓடி, அந்த இடத்தில் வெறும் மரம் தெரிந்தது.

தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அமா படியில் உட்கார்ந்தார். வீடு சத்தமில்லாமல் இருந்தது.

"போன் பண்ணினான். கிழவங்களைத் தூக்கித் தூக்கித் தோள் வலிக்குதாம்."

"எனக்கும்தான்," என்றேன். நானாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுவாக இருக்கலாம். அவர் சிரித்தார்.

துருவைச் சுரண்டி, அடிப்பூச்சாகச் செவ்வண்ணம் அடித்து, பச்சையைக் கலக்கினேன். வெயில் ஏறிவிட்டது, கை மெதுவாகத்தான் போனது. கம்பிகளை முடித்துவிட்டுத் தாழ்ப்பாளுக்கு வந்தபோது அவர் படியிலிருந்து எழுந்து வந்தார்.

"அதுக்கு மட்டும் வேண்டாம் சயா," என்றார். "பெயின்ட் காஞ்சு ஒட்டிக்கிட்டா, வந்து திறக்கும்போது இழுக்க வராது."

தாழ்ப்பாளில் பட்டிருந்த பச்சையைத் துணியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டேன். இரண்டு மூன்று தடவை இழுத்து மூடிப் பார்த்தார். சுலபமாகப் போய் வந்தது.